சிவப்புத் துணி கட்டிய மரங்கள்

இந்தக் காலத்துச் சனத்துக்குக் கேள்வி கேட்கத் தெரியும், மறுமொழி வரும்வரை நிற்கத் தெரியாது என்பது ஆழ்வாப்பிள்ளையின் முடிந்த முடிவு. பேக்கரிப் பாண் வரிசையில் முன்னால் நிற்கிறவன் "என்ன அப்பு, கால் எப்பிடி?" என்று கேட்பான், இவர் வாயைத் திறக்க முன்னம் மற்றப் பக்கம் திரும்பி வெங்காய விலை கதைக்கத் தொடங்கிவிடுவான். சங்கக்கடைக்காரன் கூப்பனைப் பார்ப்பானே தவிர ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டான். வீட்டிலும் அதே கூத்து. மருமகன் "சாப்பிட்டாச்சோ மாமா?" என்று கேட்டுக்கொண்டே றேடியோவைத் திருகுவான். சாப்பிடவில்லை என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "நல்லது, நல்லது" என்றான் மருமகன்.

அந்த மருமகனிடம் கைநீட்டக்கூடாது என்பதுதான் கிழவருக்கு மிச்சமிருந்த ஒரே வைராக்கியம். இளவயதில் காங்கேசன்துறையிலிருந்து அக்கரைக்குப் போய்வந்த தோணிகளில் பாய் இழுத்தவர். பாய்மரத்திலிருந்து விழுந்து இடக்கால் முறிந்து, முறிவு வைத்தியர் போட்ட கட்டு கோணலாய்ப் பொருந்தியதோடு கடல் முடிந்தது. தோட்டம் கொத்தவும் அந்தக் கால் விடாது. மனிசி செத்த பிறகு அச்சுவேலியில் மகள் வீட்டில் வந்து ஒதுங்கினார். வெற்றிலைக்கும் சுருட்டுக்கும் மருமகனின் முகத்தைப் பார்க்கிற நாள் நாளைக்கோ நாளையின்றைக்கோ என்று இருந்த வேளையில்தான் கப்பலில் சாயம் வருவது நின்றது.

அரசாங்கம் பிறநாட்டுச் சாமான்களுக்குக் கதவைச் சாத்திய காலம் அது. மிளகாய் போட்டவன் கல்வீடு கட்டினான். நெசவுசாலைகள் சாயமில்லாமல் வெள்ளையும் பழுப்புமாய் நெய்துகொண்டிருந்தன. அச்சுவேலி நெசவுசாலையில் நூல் தோய்க்கிற லூர்த்தம்மா, யாரோ ஒரு பாதிரியார் சொன்னதைக் கேட்டு, மரத்தில் தாடிபோலத் தொங்குகிற சாம்பல் நிறப் பாசியைப் பானையிலிட்டு மாட்டு மூத்திரத்தில் ஊறவைத்தாள். வாரக்கணக்காய்க் கிளறிவிட, பானைக்குள் நாவற்பழச் சாறுபோல ஒரு நிறம் இறங்கியது. நாற்றத்துக்கு அயல்வீடுகள் வேலிக்கு மேலால் ஏசின. ஆனால் அந்த ஊதாச் சேலைக்கு நெல்லியடிச் சந்தையில் அடிபிடி.

"கிடைக்கிற பாசியெல்லாம் கொண்டு வாங்கோ அண்ணை, காசு தாறன்" என்றாள் லூர்த்தம்மா ஆழ்வாப்பிள்ளையிடம். "மூத்திரத்துக்கு எனக்குப் பஞ்சமில்லை. பாசிக்குத்தான் பஞ்சம்."

"மூத்திரத்திலை தோய்ச்ச சீலையையோ பெண்டுகள் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகினம்?"

"பசு மூத்திரம் அண்ணை. உங்கடை ஐயர் கையிலை ஊத்தினால் குடிப்பியள்தானே."

பாசி இருந்த இடம் வைரவர் காடு. ஊருக்கு வடக்கே, உப்பங்கழியை ஒட்டி, பாலையும் கூழாவும் விண்ணாங்கும் நெருக்கி நின்ற ஒரு துண்டுக் காடு. நடுவில் ஒரு சூலம், அதுதான் வைரவர். கூரையில்லை. கிழமைக்கு ஒருநாள் பூசை. கடற்காற்றின் ஈரம் படுகிற மரங்கள் என்பதால் அடியிலிருந்து கொப்புவரை பாசி பிடித்திருந்தது. அந்தக் காட்டுக்குள் இரும்பு கொண்டுபோகக்கூடாது என்பது பழைய கட்டு. சூலம் இரும்புதான், அது அவருடைய சொந்தச் சாமான். ஆகவே ஆழ்வாப்பிள்ளை மழைவிட்ட கையோடு போவார். பாசி இளகிக் கிடக்கும்போது தேங்காய்ச் சிரட்டை விளிம்பால் வழித்து ஓலைக் கடகத்தில் போட்டுக்கொண்டு வருவார். அடியை விட்டு நுனியைத்தான் எடுப்பார். பக்தியால் அல்ல. சிரட்டைக்கு அதற்குமேல் வெட்டு இல்லை.

இது கொஞ்சக்காலம் நடந்தது. அடுத்த மாரியில் வெளியூர்க்காரர் சிலர் சாக்கும் கத்தியுமாய் வந்து ஒரு பக்கத்து மரங்களைப் பட்டையோடு உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் கொதித்தது. வைரவரின் தோலை உரித்துச் சேலை தோய்ப்பதோ என்று கோயில் மனேச்சர் கனகசபாபதியின் முற்றத்தில் சனம் கூடியது. கனகசபாபதி எதையும் உடனே முடிவெடுத்துப் பழி தேடுகிற மனிதர் அல்லர். தன் மச்சாளின் மகள் ஞானாம்பிகை கொழும்புக் கம்பஸில் மரஞ்செடிப் படிப்புப் படிப்பிக்கிறாள், லீவுக்கு நெல்லியடிக்கு வந்து நிற்கிறாள், அவள் பார்த்துச் சொல்லட்டும் என்றார். எடுத்தது திரும்ப வளரும் என்று அவள் சொன்னால் ஆழ்வாப்பிள்ளை ஒருவர் மட்டும் தொடர்ந்து எடுக்கலாம். வளராது என்றால் ஒருவருக்குமில்லை. தீர்ப்பு வரும்வரை காட்டின் கிழக்குப் பாதியில் அவர் எடுக்கட்டும், மேற்குப் பாதி அவளுடைய பரிசோதனைக்கு.

"திரும்ப வளருமோ எண்டு நான் சொல்லுறன்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "தாடியை வழிச்சால் வளராதே? இதைச் சொல்லக் கொழும்பிலை இருந்து ஆள் வேணுமே?"

"உம்மடை தாடி வளரும் காணும்" என்றார் கனகசபாபதி. "மரத்தின்ரை தாடி எப்பிடியோ எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது."

ஞானாம்பிகை சைக்கிளைக் காட்டுக்கு வெளியே வேலிக்கட்டையில் சாத்திவிட்டு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும்; தடித்த கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கால் இரும்போ என்று ஆழ்வாப்பிள்ளை முதற்கேள்வி கேட்டார். பிளாஸ்ரிக் என்றாள். பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள். எந்த மழைக்குப் பிறகு எடுப்பீர்கள், எந்தப் பக்கத்தில் கூடப் பிடிக்கும், எடுத்த மரத்துக்குத் திரும்ப எப்போது போவீர்கள். கேட்டுவிட்டு மறுமொழி வரும்வரை நின்றாள். அதுவே கிழவருக்குச் சந்தேகமாய் இருந்தது. இவ்வளவு பொறுமையாய்க் கேட்கிறவளின் மனதுக்குள் ஏதோ இருக்கும்.

"படிப்பிலை உதுக்கு என்ன பேர் பிள்ளை?"

"இலைக்கன்."

"இலையில்லாததுக்கோ?"

"பேர் வைச்சது நானில்லை அப்பு. பாசியெண்டு சொல்லுறமே, அதுவும் சரியில்லை. ஒரு காளானும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்திற குடும்பம் இது. காளான் வீடு கட்டிக் குடுக்கும். பாசி சமைச்சுப் போடும்."

"சண்டை பிடிக்காதுகளோ?"

"பிரிஞ்சால் ரண்டுக்கும் பிழைப்பில்லை."

"அப்ப மகள் வீட்டிலை இருக்கிற மாமன் மாதிரி எண்டு சொல்லு."

அவள் சிரித்தாள். பிறகு வேலையில் இறங்கினாள். ஒரே பருமன், ஒரே காற்றுப் பக்கம் பார்த்து மரங்களைச் சோடி சோடியாய்த் தெரிந்தாள். சோடியில் ஒன்றை அவர் வழமைபோலச் சிரட்டையால் வழிக்கவேண்டும். மற்றதைத் தொடவே கூடாது. இரண்டு மாரி கழித்து வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாளாம்.

"வழிச்சதைப் பாத்தால் காணுமே. வழிக்காத மரம் என்னத்துக்கு?"

"ரண்டு பெடியளுக்குக் காய்ச்சல் எண்டு வையுங்கோ. ஒருத்தனுக்கு மருந்து குடுத்தன், மாறிப்போச்சு. மருந்தாலை மாறினதோ தானாய் மாறினதோ எண்டு எப்பிடித் தெரியும்? மருந்து குடுக்காத மற்றவனையும் பாக்கவேணும்."

"குடுக்காதவன் செத்துப்போனால்?"

"அப்ப மருந்து நல்லதெண்டு தெரியும்."

"அவன்ரை தாய் தேப்பன் உன்னைச் சும்மா விடுவினமோ?"

"அதாலைதான் நான் டொக்டருக்குப் படிக்கேல்லை" என்றாள் ஞானாம்பிகை.

தொடக்கூடாத மரங்களுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. ஆணி அடிக்க முடியாது. பெயின்ற் பட்டால் பாசி செத்துவிடும். பழைய வேட்டியொன்றைக் கிழித்துக் கீலங்கீலமாய்க் கொண்டுவந்திருந்தாள். ஆழ்வாப்பிள்ளை அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வெள்ளை கட்டாதை பிள்ளை. செத்தவீட்டு ஒழுங்கை மாதிரிக் கிடக்கும். சனம் ரண்டு நாளிலை அவிட்டு எறிஞ்சுபோடும். சிவப்பைக் கட்டு. வைரவருக்குச் சிவப்பு. ஒருத்தரும் கிட்டப் போய்க் கைவைக்க மாட்டினம்."

அவள் யோசித்தாள். "உது சரி அப்பு. எனக்கு உது மண்டையிலை ஓடேல்லை."

துணியும் கூப்பனுக்கு வந்துகொண்டிருந்த நாட்கள். லூர்த்தம்மாதான் நெசவுசாலையில் மிஞ்சிய சிவப்புத் துண்டுகளைக் கொடுத்தாள். தொடக்கூடாத ஒவ்வொரு மரத்துக்கும் நெஞ்சுமட்டத்தில் ஒரு துண்டைச் சுற்றி முடிந்தார்கள். அந்தியில் பார்க்க வடிவாய்த்தான் இருந்தது. மற்ற மரங்களை ஆழ்வாப்பிள்ளை வழித்தார். அவள் அளந்தாள், குறித்தாள், போனாள்.

அடுத்த லீவுக்கு வந்தபோதும் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பிறகு அவளை மலைநாட்டுக் காடுகளில் இதே பாசி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இந்தப் பக்கம் வர முடியவில்லை.

அதற்குள் செல்வநாயகியின் மகனுக்குத் தபால் கந்தோரில் வேலை கிடைத்தது.

செல்வநாயகி கனகசபாபதியின் அயல்வீட்டுக்காரி. சோதனை பாஸ்பண்ணிய மகன் மூன்று வருடமாய்ச் சந்தியில் நின்று நின்று சப்பாத்துத் தேய்ந்ததைப் பார்த்து மனம் வெந்தவள். ஒருநாள் வைரவரைக் கும்பிட வந்தவள் மரங்களில் சிவப்புக் கட்டியிருந்ததைக் கண்டு, கைகூப்பி, கிட்ட நின்ற பாலையைச் சுற்றிவந்து ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்தினாள். மறு கிழமை மகனுக்கு வேலை. அவள் நன்றி மறக்கிறவள் அல்லள். வைரவருக்கு வடைமாலை என்றால் உயிர் என்பது ஊரறிந்தது. வடை சுட்டுக் கோத்து, சூலத்துக்குப் போடாமல் அந்தப் பாலைக்கே போட்டாள்.

பிறகு கேட்கவேண்டுமா? பிள்ளையில்லாதவள் ஒரு கூழாவைப் பிடித்தாள். வழக்கில் மாட்டிக்கொண்டவன் விண்ணாங்கைப் பிடித்தான். வைரவர் சூலத்தை விட்டு மரங்களில் இறங்கிவிட்டார் என்று கதை. பாணுக்கு விடியற்புறம் வரிசையில் நிற்கிற அதே சனம், உழுந்து கண்ணாலும் காணக் கிடைக்காத அந்த நாளில், வடை சுட்டு மரத்தில் கட்டிக் காகத்துக்கு விருந்து வைத்தது. மஞ்சள் தண்ணீரும் பாலும் ஊற்றினார்கள். சந்தனம் அப்பினார்கள். வடையிலிருந்து வடிந்த எண்ணெய் பட்டையில் இறங்க, எறும்பு ஏறியது. கற்பூரச் சூட்டில் அடிமரம் கறுத்தது. தாடிபோலத் தொங்கிய பாசி எண்ணெய்ச் சிக்குப் பிடித்த தலைமயிராய்க் கட்டி கட்டியாய்க் கழன்று விழுந்தது. துணி கட்டாத மரங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிழக்குப் பாதிக்குப் போகிற வழியில் ஆழ்வாப்பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் போனார். ஒருநாள் செல்வநாயகியை மறித்தார்.

"உந்தச் சிவப்பு கட்டினது ஆர் எண்டு தெரியுமே பிள்ளை?"

"மனேச்சற்றை ஆக்களாக்கும்."

"கம்பஸ் பிள்ளை கட்டினது. பாசி அளக்க."

"சரி, அவள் கட்டினாள். சிவப்பைக் கட்டு எண்டு அவளுக்கு ஆர் சொன்னது?"

ஆழ்வாப்பிள்ளை கடகத்தை மற்றத் தோளுக்கு மாற்றினார். "நான்தான்."

செல்வநாயகியின் முகம் மாறியது. "நீங்களோ அப்பு? அப்ப உங்கடை வாயிலை இருந்தெல்லோ அவர் சொல்லியிருக்கிறார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தட்டிலிருந்த வடையில் இரண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். கிழவர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். வடை நல்ல பதமாய்த்தான் இருந்தது.

ஞானாம்பிகைக்கு அறிவிக்கலாமோ என்று ஒருதரம் நினைத்தார். எழுத்து அவருக்கு ஓடாது. மருமகனிடம் எழுதித் தா என்று கேட்பதற்கு, சும்மா இருக்கலாம். தொடாதீர்கள் என்றுதான் அவள் சொன்னாள். தொடவில்லை. காவலிருக்கச் சொல்லவில்லையே.

இரண்டாம் மாரி முடிந்து தைப்பொங்கலும் கழிந்த பிறகு ஞானாம்பிகை வந்தாள். கனகசபாபதியும் கூட வந்தார். ஆழ்வாப்பிள்ளை முன்னரே வந்து காத்திருந்தார். அன்று அவர் வேட்டி தோய்த்து உடுத்தியிருந்தார்.

முதல் சிவப்பு மரத்தடியில் அவள் நின்றாள். மரத்திலிருந்த வடைமாலையில் மூன்று வடை மிச்சமிருந்தன. மரம் நெஞ்சுமட்டத்துக்கு எண்ணெய்க் கறுப்பாய் மினுங்கியது. அவள் விரலால் தொட்டு மணந்து பார்த்தாள். அடுத்த மரத்துக்குப் போனாள். அதற்கடுத்த மரத்துக்குப் போனாள். பிறகு, தேவையில்லை என்று தெரிந்தும், வழித்த மரம் வழிக்காத மரம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அளந்தாள். வெயில் ஏறியது. கனகசபாபதி மூன்றுதரம் கொட்டாவி விட்டார்.

"அப்ப இதிலை பெரிய கணக்கில்லை" என்றார் அவர் கடைசியில். "வழிச்ச மரத்திலை பாசி விரல் நீளத்துக்கு நிக்குது. வழிக்காத மரம் மொட்டை. வழிக்கிறதாலை நன்மைதான். என்ன பிள்ளை?"

"அதைத்தானே நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"இல்லை மாமா" என்றாள் ஞானாம்பிகை. "இதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது."

"ஏன்?"

"மருந்து குடுக்காத பெடியனுக்கு ஆரோ நஞ்சு குடுத்திட்டினம். இனி நான் மருந்தைப் பற்றி என்னத்தைச் சொல்ல?"

கனகசபாபதிக்கு அந்தப் பெடியன் யாரென்று தெரியாது. ஆழ்வாப்பிள்ளைக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் கூடியது.

"அந்தப் பெடியனை விடு. மருந்து குடிச்சவன் முன்னாலை நிக்கிறான், பார். வளந்து கிடக்கிறதோ இல்லையோ?"

"வளந்து கிடக்கு அப்பு. நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் இதிலை எவ்வளவு நீங்கள் விட்ட அடியிலை முந்தியே இருந்தது, எவ்வளவு புதிசு, வழிக்காமல் விட்டிருந்தால் இன்னும் எவ்வளவு இருந்திருக்கும், அது ஒண்டும் எனக்குத் தெரியாது. மலைநாட்டிலை நான் பாத்த காட்டிலை சிலது ஒரு வருசத்துக்கு நகக்கண் அளவுகூட வளரேல்லை. இங்கை எப்பிடியெண்டு பாக்கத்தான் இவ்வளவு பாடும்."

"அது குளிர் நாடு."

"அதுவும் இருக்கலாம். தெரியாது."

"தெரியாது, தெரியாது. இவ்வளவு படிச்சு உதைச் சொல்லவோ வந்தனீ?"

"ஓம் அப்பு. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லத்தான் வந்தனான்."

ஆழ்வாப்பிள்ளை குரலைத் தணித்தார். கெஞ்சிப் பழக்கமில்லாத குரல். "ரண்டு மாரி உனக்காகப் பொறுத்தனான் பிள்ளை. வளருது எண்டு ஒரு சொல்லு. அது பொய்யுமில்லை. இல்லாட்டில் நான் மருமகன்ரை கையைப் பாக்கவேணும்."

ஞானாம்பிகை கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பால் துடைத்தாள். "நான் அப்பிடிச் சொன்னால் நாளைக்கு ஒருத்தன் சாக்கோடை வந்து, கம்பஸிலை சொல்லியிருக்கினம், வழிக்க வழிக்க நல்லதாம் எண்டு நிப்பான். அவனை நீங்களோ மறிப்பியள்?"

"மறிப்பன்."

"கத்தியோடை வந்தவங்களை மறிச்சனியளோ?"

கனகசபாபதி தொண்டையைச் செருமினார். பழி தன் பக்கம் வராமல் முடிக்கவேண்டிய இடம் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

"அப்ப வழிப்பை நிப்பாட்டுவம்" என்றார். "கிழக்கும் மேற்கும். பிள்ளை திரும்பப் பாத்துச் சொல்லட்டும். அதோடை இப்ப சனம் இந்த மரங்களைச் சாமியாய் வைச்சிருக்கு. உம்மைச் சிரட்டையோடை கண்டால் அடிக்க வரும்."

"திரும்பப் பாக்க எவ்வளவு காலம்?" என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

"மூண்டு மாரியெண்டாலும் வேணும்" என்றாள் ஞானாம்பிகை. "இந்தமுறை அடையாளமே வைக்கமாட்டன். ஆனால் அப்பு, ஒண்டு மட்டும் நான் இப்பவே துணிஞ்சு சொல்லுவன். காத்துக்கு முறிஞ்சு விழுற கொப்பிலை இருக்கிற பாசியை நீங்கள் எடுக்கலாம். நிலத்திலை விழுந்தது எப்பிடியும் சாகிறதுதான். அதை எடுத்தால் காட்டுக்கு ஒரு நட்டமுமில்லை. மாமா, அதுக்கு விடுவியள்தானே?"

"விழுந்ததுக்கு ஆர் மறிக்கிறது" என்றார் கனகசபாபதி.

"விழுந்ததைப் பொறுக்கச் சொல்லுறாய்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"ஓம்."

"காத்தடிச்சால் எனக்குச் சுருட்டு. காத்தில்லாட்டில் மருமகன்."

"சோளகக் காத்துக்கு நல்லாய் விழும் அப்பு. நான் பாத்தனான்."

"சோளகத்தை நீ எனக்குச் சொல்லித் தராதை பிள்ளை."

அவர் கடகத்தை எடுத்துத் தோளில் போட்டார். வழித்த மரமொன்றின் கீழ் நின்று, பாசியை விரலால் நீவிப் பார்த்தார். நிழலில் இன்னும் பனி காயாமல் மெத்தென்று இருந்தது. விரலைச் சுற்றிப் பிடித்தது. அதன் சோடி பக்கத்தில் மொட்டையாய் நின்றது. வழித்த மரம் நிறைந்திருக்கிறது, வழிக்காத மரம் வெறுமையாய் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல எத்தனை வருடம் படிக்கவேண்டுமோ?

"இரும் காணும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று கனகசபாபதி கூப்பிட்டார்.

"மூண்டு மாரிக்குப் பிறகு வாறன்" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, கோணற்காலை இழுத்துக்கொண்டு ஆழ்வாப்பிள்ளை உப்பங்கழிப் பக்கமாய் நடந்தார். வழியில் பாசியோடு முறிந்த கொப்பொன்று கிடந்தது. அதைத் தாண்டிப் போனார்.